மருத்துவச் செலவை யார் சுமப்பது?



இன்று ஒரு வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஊர்ச் சேரியில் ஓர் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. களை எடுக்கவும் நாற்று நடவும் போனவர். இப்போது வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பதால் அதற்குப் பைசா கட்டவில்லை. ஆனாலும் ஆறே மாதத்தில் வீட்டிலிருந்த இரண்டு ஆடுகளும் தோடும் போயின. கந்துவட்டிக் கடனும் ஏறியது.

எப்படி என்று உட்கார்ந்து கேட்டு எழுதினேன். நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே தனியாரிடம் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்திருக்கிறார்கள். சில ஊசிகளை வெளியே வாங்கியிருக்கிறார்கள். போக வர ஆட்டோ. துணைக்குப் போகும் கணவருக்கு வாரத்தில் இரண்டு நாள் கூலி கிடையாது. இவை எதற்கும் அட்டை உதவவில்லை.

இதே கணக்கை நாட்டளவில் பாருங்கள். 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, மகப்பேறு தவிர்த்து ஒருமுறை மருத்துவமனையில் படுத்து எழ அரசு மருத்துவமனையில் சராசரியாக 4,452 ரூபாய் செலவு. தனியாரில் 31,845 ரூபாய், ஏழு மடங்கு. தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2021-22இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு மக்களின் கைக்காசு. 2013-14இல் இருந்த 64.2 விழுக்காட்டிலிருந்து இது குறைந்திருப்பது உண்மை. ஆனால் நூறு ரூபாயில் நாற்பது ரூபாயை நோயாளியே கொடுக்கும் நாட்டில், அன்றாடக் கூலிக்காரர் வீட்டுக்கு நோயோடு கடனும் சேர்ந்தே வருகிறது.

அண்ணலின் பதில்

செலவை யார் சுமப்பது என்ற கேள்விக்கு அண்ணல் அம்பேத்கர் 1928இலேயே பதில் சொல்லியிருக்கிறார். ஆலைப் பெண் தொழிலாளருக்கான மகப்பேறு உதவி மசோதா பம்பாய் சட்டமன்றத்துக்கு வந்தது. முதலாளிகளின் சுமை கூடும் என்று எதிர்ப்பு எழுந்தது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன்; ஆகவே அந்தச் செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். ஒருவரின் உடல்நலத்தால் சமூகம் முழுவதும் பயன்பெறும்போது செலவை அவர் தலையில் மட்டும் கட்டுவது அநீதி. இதுவே அந்த வாதத்தின் சாரம்.

பின்னர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அக்காலத்தில் உருவான அடார்க்கர் அறிக்கையே 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டத்துக்கு அடித்தளம். 1946இல் வந்த போர் குழு அறிக்கையும், பணம் கட்ட முடியாத காரணத்தால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்றது.

உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்திருக்கிறது. மேற்கு வங்கத்தில் 1992இல் விவசாயத் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக இடமில்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியாரிடம் சுமார் 17,000 ரூபாய் கொடுத்துப் பிழைத்தார். அவருடைய சங்கம் வழக்குத் தொடுத்தது. 1996இல் தீர்ப்பு வந்தது: அவசர சிகிச்சை மறுப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவை மீறுவதாகும், நிதி இல்லை என்று அரசு தப்பிக்க முடியாது. வென்று கொடுத்தது கூலிக்காரர்களின் சங்கம் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

காப்பீடு எட்டாத இடம்

இன்று சீர்திருத்தம் என்றாலே காப்பீடு என்றாகிவிட்டது. மாநிலத் திட்டமும் 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத்தும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் என்கின்றன. அறுவை சிகிச்சைக்கு அது பேருதவிதான், மறுக்கவில்லை. ஆனால் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகு நடப்பதற்கே பணம் தரும். நம் மக்களின் காசு கரைவது அதற்கு வெளியே: சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரை, பரிசோதனை, பயணம், இழந்த கூலி. சர்க்கரைக்கு ஒழுங்காக மாத்திரை கிடைத்தால் பலருக்குச் சிறுநீரகம் கெடாமலே காக்கலாம். அதை விட்டுவிட்டுக் கெட்ட பிறகு டயாலிசிஸுக்குப் பணம் கட்டுகிறோம்.

மாற்று வழி நம் கையிலேயே இருக்கிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக டெண்டரில் வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு இலவசமாகத் தருகிறது. ராஜஸ்தான் 2011இல் இதைப் பார்த்தே தன் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. விலையையும் அரசு நினைத்தால் கட்டுப்படுத்தலாம். லட்சத்துக்கு மேல் விற்றுவந்த மருந்து தடவிய இதய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் என உச்சவிலை வைத்தார்கள்.

துடைப்பவருக்கு யார்?

மருத்துவமனையின் ரத்தத்தையும் மலத்தையும் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் பலரும் நம்மவர்கள். நோய்த்தொற்று முதலில் அவர்கள் கைக்கு வருகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் ஒப்பந்த நிறுவனத்தில் மாதம் 21,000 ரூபாய்வரை ஊதியம் பெறுபவருக்கு ஈ.எஸ்.ஐ. உரிமை உண்டு. ஒப்பந்தக்காரர் கட்டாவிட்டால், முதன்மை வேலையளிப்பவரே கட்ட வேண்டும். வயலில் உழைப்பவருக்கோ அந்தப் பாதுகாப்பும் இல்லை.

இலவசம் மட்டும் போதாது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்து 2006இல் நூலாக வந்த தீண்டாமை ஆய்வு, மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்ததைப் பதிவுசெய்தது. வாசலில் நின்று கொடுக்கும் மாத்திரை இலவசம்தான். அதில் மரியாதை இல்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை அரசு சுகாதாரத்துக்குச் செலவிடும் என்ற 2017ஆம் ஆண்டுக் கொள்கையின் வாக்குறுதி நிறைவேற வேண்டும். 2021-22இல் அது 1.84 விழுக்காடுதான். வெளிநோயாளிக்கும் மருந்தும் பரிசோதனையும் முழுமையாகக் கிடைக்க வேண்டும். தனியார் கட்டணத்துக்கு வரம்பு வேண்டும். துப்புரவுப் பணி நிரந்தரமாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் கணக்கைக் கேட்கும் இடத்தில் சேரிப் பெண்கள் உட்கார வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை. இந்த விடுமுறையில் உங்கள் தெருவில் பத்து வீடுகளுக்கு ஒரு நோட்டோடு போங்கள். கடந்த ஓராண்டில் நோய்க்குச் செலவானது எவ்வளவு, எதை விற்றார்கள், யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று எழுதுங்கள். அந்த அக்காவின் கணக்கு என் நோட்டில் முதல் பக்கம். நூறு தெருக்களின் கணக்கு சேர்ந்தால், அதை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவோம்.

ஜெய் பீம்.