ஓய்ந்து நிற்கும் விசிறி



செம்பனைக்கு உரம் போடுவது எவ்வளவு கடினமான வேலை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூட்டையைச் சுமந்து, மரத்துக்கு மரம் நடந்து தூவ வேண்டும். நம் நாட்டின் பெரிய தோட்டங்கள் சிலவற்றில் இந்த வேலையைச் சிறு விமானங்களும் செய்திருக்கின்றன. நியூசிலாந்தில் மேய்ச்சல் மலைகளுக்கு 1949 முதலே தொழில் முறையில் வானிலிருந்து உரம் தூவி வருகிறார்கள். 1954-இல் முதன்முதலில் பறந்த பிளெட்சர் என்னும் விமானம் இதற்காகவே உருவாக்கப்பட்டது.

1974-இல் திறக்கப்பட்ட செனாய் விமான நிலையத்தில் வேலியும் காவலும் உண்டு. ஆனால் இத்தகைய சிறு விமானத்துக்குச் சமப்படுத்திய மண் தரையே போதும். அங்கே வேலி இருக்காது. உரம் ஏற்றுபவர்களும், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளும், அப்பாவுக்குச் சோறு கொண்டுவரும் சிறுமியும் அருகிலேயே நிற்பார்கள். ஆகவே, தரையில் நிற்கும் விமானத்திடம் எப்படி நடந்துகொள்வது என்பதை இன்று தெரிந்துகொள்வோம்.

விமானத்தின் மூக்கில் விசிறிபோல் இருப்பதற்கு உந்துவிசிறி என்று பெயர். சிறு விமானத்தில் அதன் நீளம் ஆறடிக்குச் சற்று அதிகம். விமானம் நின்ற இடத்திலேயே மெதுவாக இயங்கும்போதுகூட, விசிறி நிமிடத்துக்கு 800 தடவை சுற்றலாம். அப்போது அதன் நுனி மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் இதழ்கள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த இடம் வெறுமையாகவே தோன்றும். இதில்தான் ஆபத்து இருக்கிறது. பறந்துபோன தலைத்துண்டை எடுக்க ஓடுகிறவர், விசிறியைப் பார்க்காமலே அதற்குள் போய்விடக்கூடும்.

சரி, விசிறி நின்றுவிட்டால் தொடலாமா? அப்போதும் தொடக்கூடாது. இதற்குக் காரணம் உண்டு. புல் வெட்டும் இயந்திரத்தைப் பாருங்கள். அதில் பேட்டரி இல்லை. கயிற்றை இழுத்ததும் மேக்னெட்டோ என்னும் கருவி தானே மின்பொறியை உண்டாக்குகிறது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் அந்த மின்சாரம் வேறு வழியாகப் போய்விட, இயந்திரம் ஓய்கிறது. பொத்தானுக்குப் போகும் ஒயர் அறுந்திருந்தால் என்ன ஆகும்? பொத்தானை அழுத்தியும் இயந்திரம் நிற்காது. பிஸ்டன் வகை விமான இயந்திரத்திலும் இதே ஏற்பாடுதான். சாவி அணைந்திருந்தாலும், உள்ளே ஒயர் அறுந்திருக்கலாம். விசிறியைக் கையால் சற்றுத் திருப்பினாலே இயந்திரம் ஒருமுறை வெடித்து, விசிறி திடீரென்று சுற்றிவிடக்கூடும். ஒரு சுற்றுப் போதும், கை போய்விடும். எனவே ஓய்ந்து நிற்கும் விசிறியையும் உயிருள்ள விசிறியாகவே மதிக்க வேண்டும்.

விமானத்தை நெருங்க வேண்டியவர்கள், விமானி கண்டு சைகை காட்டிய பிறகே போக வேண்டும். விசிறி முன்னால் இருக்கும் விமானத்துக்கு, இறக்கையின் நுனியைச் சுற்றி, பின்பக்கமாக வர வேண்டும். திரும்புவதும் அதே வழியில்தான். இறக்கைக்கு முன்னால் குறுக்கே நடப்பது கூடாது. சிவப்பு விளக்கு சுழன்றாலும், விமானி உரக்க எச்சரித்தாலும், இயந்திரம் கிளம்பப் போகிறது என்று பொருள். உடனே விலகிவிடுங்கள்.

விமானத்தைத் தள்ளி நகர்த்தும்போது முன்சக்கரத்தில் ஓர் இழுகம்பி மாட்டுவார்கள். வேலை முடிந்ததும் முதலில் அதைக் கழற்ற வேண்டும். அதை மறந்து இயந்திரத்தைக் கிளப்பினால், விசிறி கம்பியில் மோதும், துண்டுகள் பறக்கும். ஓடுபாதையில் கிடக்கும் கற்களையும் பொறுக்கிவிட வேண்டும். விசிறி அவற்றை இழுத்து எறியும்.

நிறுத்தி வைத்த விமானத்துக்குச் சக்கரக்கட்டை கொடுத்து, இரண்டு இறக்கைகளையும் வாலையும் கயிற்றால் தரையோடு கட்ட வேண்டும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, விடியலுக்கு முன்னும் காலையிலும் வீசும் சுமத்ரா காற்றை ஜொகூர் மக்கள் அறிவார்கள். இறக்கை காற்றில் எழும்புவதற்காகவே செய்யப்பட்டது. கட்டாத விமானத்தைப் பலத்த காற்று புரட்டிவிடும். நார்க்கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும். ஆகவே நைலான் கயிறே நல்லது.

எண்ணெய் நிரப்பும் இடத்தில் புகை பிடிக்கக்கூடாது என்பதையும் மறவாதீர்கள்.

பெற்றோர்களே, பிள்ளைகள் விமானத்தைப் பார்க்க ஆசைப்படுவது நல்லதுதான். தொலைவில் ஓர் எல்லையைக் காட்டி, அங்கே நின்று பார்க்கச் சொல்லுங்கள். சோறு கொண்டுவரும் பிள்ளையும் அந்த எல்லையிலேயே காத்திருக்கட்டும். அப்பா வந்து வாங்கிக்கொள்வார். சோறு சற்று ஆறினால் பரவாயில்லை.