புதன்கிழமை வேனும் பத்து விழுக்காடும்

புதன்கிழமை என்றால் எனக்கு வேன்தான் ஞாபகத்துக்கு வரும். பாடம் முடிந்ததும் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். புறப்பாட நடவடிக்கையோ நான்கு மணி வரை. 1929-இல் தொடங்கிய போ தோட்டமாகட்டும், சுங்கை பாலாஸ் ஆகட்டும், கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்கள் பட்டணத்திலிருந்து தள்ளியே இருக்கின்றன. மழை இறங்கிய பிறகு அந்த ஒற்றைச் சாலையில் பிள்ளை நடந்து வர எந்த அம்மா சம்மதிப்பார்?

படிவம் 4-இல் பெரும்பாலும் வேனில்தான் ஏறினேன். அதன் விலை எஸ்.பி.எம். முடித்து யு.பி.யு. வழி விண்ணப்பித்தபோது தெரிந்தது. மெரிட் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. பத்துதானே என்று நினைத்திருந்தேன். கேட்ட துறை கிடைக்கவில்லை.

சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு மூன்றிலும் வருகையும் பதவியும் அடைவும் பார்க்கப்படும். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று உயர உயரப் புள்ளி கூடும். நாங்கள் பகாங் பிள்ளைகள். ஆனால் துணி வாங்க இறங்குவது பேராக்கின் தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும்! மாநிலத் தலைநகர் குவாந்தானோ கிழக்குக் கடற்கரையில். அங்கே போட்டி என்றால் முந்தின நாளே கிளம்ப வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழி பெட்டாலிங் ஜெயாக்காரி. அவள் கோப்பில் முப்பது சான்றிதழுக்கு மேல். விவாதம், தேக்வாண்டோ, ரோபோட் என்று அப்பா காரில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். பொறாமையாகத்தான் இருந்தது. "இதுல உனக்கு எதுடி பிடிச்சது?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஒண்ணும் இல்ல."

என்னைக் காப்பாற்றியது படிவம் 6. எஸ்.டி.பி.எம். வழி போகிறவர்களுக்குப் புறப்பாடக் கணக்கு அங்கே புதிதாகத் தொடங்கும். பழைய தவற்றைத் திரும்பச் செய்யவில்லை. ஆறு பேர் சேர்ந்து, கார் வைத்திருந்த அண்ணன் ஒருவரிடம் பேசினோம். புதன்கிழமை நான்கு மணிக்கு வந்து ஏற்றிக்கொள்வார், ஆளுக்கு இரண்டு வெள்ளி. இரண்டு முறை ஏறி இறங்க வேண்டியிருந்தாலும் முணுமுணுக்கமாட்டார். தமிழ்மொழிக் கழகத்தில் செயலாளர் பதவி கிடைத்தது. கூட்டக் குறிப்பு எழுதுவது எனக்கு உண்மையாகவே பிடித்துப்போனது. படிவம் 4, 5-இல் இருப்பவர்கள், ஆண்டு முடியுமுன் உங்கள் புறப்பாடப் புள்ளியைப் பொறுப்பாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். விடுபட்ட சான்றிதழை அப்போதே கொடுத்துவிடலாம்.

இப்போது தம்பி படிவம் 4. போன வாரம் போன் செய்தான். புதன்கிழமை காருக்கு ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்களாம், இன்னும் ஒருவரைத் தேடுகிறார்கள்.