1,400 ரூபாய்ப் படம் 118 கோடி ஆன கதை

கொள்ளேகால்: இங்கே தறியில் பட்டுச் சேலை நெய்து கொடுப்பவருக்கு, சேலையை மடித்துக் கொடுத்த அன்றே கூலிக் கணக்கு முடிந்து விடுகிறது. அதே சேலை மைசூர்க் கடையில் என்ன விலைக்குப் போயிற்று, பெங்களூரில் என்ன விலைக்குப் போயிற்று என்று அவர் கேட்பதில்லை. கேட்டாலும் பயனில்லை.

ஓவியம் வரைபவரின் நிலையும் பெரும்பாலும் இதுதான். ஒரு வித்தியாசம் உண்டு. சேலை உடுத்த உடுத்தப் பழசாகிறது. பேர் பெற்ற ஓவியமோ நாளாக ஆக விலை ஏறுகிறது. ஏறிய விலையில் வரைந்தவருக்குப் பங்கு உண்டா என்பதுதான் கேள்வி.

2025 மார்ச் 19ந் தேதி நியூயார்க் நகரில் கிறிஸ்டீஸ் கம்பெனி நடத்திய ஏலத்தில் எம்.எப். ஹுசேன் தீட்டிய 'கிராம் யாத்ரா' என்ற ஓவியம் 1 கோடியே 37½ லட்சம் டாலருக்கு விற்பனையாயிற்று. நம் பணத்தில் சுமார் 118 கோடி ரூபாய். 35 லட்சம் டாலர் வரை போகலாம் என்றுதான் ஏலக்காரர்களே மதிப்புப் போட்டிருந்தார்கள். அதற்கு முன் ஏலத்தில் அதிக விலை பெற்ற இந்திய ஓவியம் அம்ரிதா ஷேர்-கில் வரைந்தது. 2023ல் அது 61 கோடியே 80 லட்சத்துக்குப் போனது.

டாக்டர் வாங்கிய படம்

ஹுசேன் பண்டரிபுரத்தில் பிறந்தவர். பம்பாய்க்கு வந்து, வயிற்றுப் பிழைப்புக்காக சினிமா பேனர்கள் எழுதியவர். 1947ல் பம்பாயில் தொடங்கிய முற்போக்கு ஓவியர் குழுவில் சேர்ந்து நவீன ஓவியத்துக்கு வந்தார். 1954ல் அவர் வரைந்ததே 'கிராம் யாத்ரா'. ஏறத்தாழ 14 அடி நீளம். அதில் 13 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் கிராம வாழ்க்கையின் ஒரு காட்சி. ஒரு கட்டத்தில் நிற்கும் உழவனின் கை, பக்கத்துக் கட்டத்தில் உள்ள நிலத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறது.

அந்த ஆண்டு டில்லியில் நெஞ்சு அறுவை சிகிச்சைப் பயிற்சி நிலையம் அமைக்க உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் வந்திருந்தார் லியோன் எலியாஸ் வொலொடார்ஸ்கி என்ற டாக்டர். உக்ரைனில் பிறந்து நார்வேயில் பணி செய்தவர். அவர் இந்தப் படத்தை 1,400 ரூபாய்க்கு வாங்கினார் என்று ஏலத்தின்போது செய்திகள் வெளியாயின. அது ஏமாற்று விலை அல்ல. அன்றைய குமாஸ்தா ஒருவருக்கு அது பல மாதச் சம்பளம்.

படம் கப்பலேறி நார்வே சென்றது. 1964ல் டாக்டர் அதை ஆஸ்லோ நகர ஆஸ்பத்திரிக்கு எழுதி வைத்தார். பிறகு பல பத்தாண்டுகள் அது ஆஸ்பத்திரி நடைவழிச் சுவர் ஒன்றில் தொங்கியது. பொதுமக்கள் பார்க்க வழியில்லை.

மூலப் பத்திரம்

மனை வாங்குகிறவர் மூலப் பத்திரம் எங்கே, வில்லங்கம் உண்டா என்று பார்க்கிறார் அல்லவா? ஓவியம் வாங்குகிறவர்களும் அப்படியே. பிரபல ஓவியர்களின் பெயரில் போலிப் படங்கள் நடமாடுவதால், வரைந்தவர் கையிலிருந்து இன்று வரை யார் யாரிடம் இருந்தது என்ற வரிசை அறுபடாமல் இருக்க வேண்டும். 'கிராம் யாத்ரா'வின் வரிசை மிகச் சிறியது: ஓவியர், டாக்டர், ஆஸ்பத்திரி. சந்தேகத்துக்கு இடமில்லை. விலை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏலம் எடுத்தவர் டில்லியில் கலைக்கூடம் நடத்தும் கிரண் நாடார் என்று செய்திகள் தெரிவித்தன. எச்.சி.எல். கம்பெனியை நிறுவிய தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் சிவ் நாடாரின் மனைவி இவர். ஆஸ்பத்திரிக்குக் கிடைத்த பணம், அந்த டாக்டர் பெயரில் இளம் மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் மையத்துக்கு என அறிவிக்கப்பட்டது.

உருவமே இல்லாத படம்

ஹுசேன் படத்தில் மனிதர், மாடு என்று அடையாளம் காணலாம். வி.எஸ். காய்தொண்டே வரைந்தவற்றில் அதுவும் கிடையாது. வர்ணமும் ஒளியும் மட்டுமே. அவருடைய பல படங்களுக்குப் பெயர்கூட இல்லை. டில்லியில் தனியாக எளிய வாழ்க்கை நடத்தி 2001ல் காலமானார். 1979ல் அவர் தீட்டிய பெயரில்லாத படம் ஒன்று 2013 டிசம்பரில் பம்பாய் ஏலத்தில் 23 கோடியே 70 லட்சத்துக்குப் போயிற்று. அதைப் பார்க்க அவர் இல்லை. 2011ல் லண்டனில் மறைந்த ஹுசேனும் 118 கோடியைப் பார்க்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரான்ஸ் நாட்டில் 1920லேயே இதற்குச் சட்டம் வந்தது. படம் மறுபடி விற்கும்போது ஓவியருக்கோ வாரிசுக்கோ ஒரு பங்கு தர வேண்டும் என்பது அதன் சாரம்.

நம் நாட்டிலும் உண்டு. 1957ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ல் சேர்க்கப்பட்ட 53-ஏ பிரிவின்படி, மூல ஓவியம் அல்லது சிற்பம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், வரைந்தவரோ அவர் வாரிசோ பங்கு கேட்கலாம். எழுத்தாளரின் மூலக் கையெழுத்துப் பிரதிக்கும் இது பொருந்தும். பங்கு 10 சதவிகிதத்துக்கு மேல் போகாது. உரிமை, ஓவியர் மறைந்த பின் 60 ஆண்டுகள் வரை நீடிக்கும்.

118 கோடிக்கு 10 சதவிகிதம் என்றால் 11 கோடியே 80 லட்சம். ஆனால் ஏலம் நடந்தது நியூயார்க்கில். அமெரிக்காவில் இப்படி ஒரு தேசியச் சட்டம் கிடையாது.

உள்நாட்டிலும் பங்கு தானாக வீடு தேடி வராது. உரிமைக்காரர் கேட்டாக வேண்டும். கேட்பதற்குப் படம் யாரிடம் போயிற்று என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே நம்மவர் பிள்ளைகளில் வரைகிறவர்கள் இருந்தால், படத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டு, வாங்கியவர் பெயர், விலை இரண்டையும் நோட்டில் எழுதி, ரசீது நகலைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். செலவில்லாத காரியம். வாரிசுக்கு அதுதான் சாட்சி.

தறியில் நெய்கிறவருக்கு இந்தப் பிரிவில் இடமில்லை. அவர் கணக்கு கூலியோடு சரி.