கரிசல் காட்டின் முதலீடு

1861-ல் அமெரிக்காவில் வடக்குக்கும் தெற்குக்கும் போர் மூண்டது. தென் மாநிலங்களின் துறைமுகங்களை வடக்கின் கப்பற்படை மறித்துவிட, லங்காஷயர் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த பருத்தி நின்றுபோனது. பஞ்சுக்குத் தவித்த இங்கிலாந்து வியாபாரிகளின் பார்வை திருநெல்வேலிச் சீமையின் கரிசல் மீது திரும்பியது. சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கமெல்லாம் பருத்திக்கு அதுவரை காணாத விலை. பொதி ஏற்றிய மாட்டு வண்டிகள் தூத்துக்குடியை நோக்கிப் போயின. 1865-ல் போர் முடிந்ததும் விலை இறங்கிவிட்டது. பஞ்சு போன தடம் மட்டும் அழியவில்லை. 1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது தண்டவாளம் கோவில்பட்டி வழியாகவே போனது.

அந்த ரயில் கரிசலின் விளைச்சலை வெளியே கொண்டுபோவதற்காகப் போடப்பட்டது. இன்றும் அதே வேலையைத்தான் செய்கிறது. பஞ்சுப் பொதிக்குப் பதிலாகப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏறுகிறார்கள்.

ஆற்றுப் பாசனம் இல்லாத பூமி இது. வடகிழக்குப் பருவமழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கோடையில் கால் நுழையும் அளவுக்கு மண் வெடித்துக் கிடக்கும்; மழை பெய்தால் செருப்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மானாவாரியை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்பதை இங்குள்ளவர்கள் வெகுகாலத்துக்கு முன்பே உணர்ந்துவிட்டார்கள். விவசாயத்தோடு கூட இன்னொரு தொழில் வேண்டும் என்ற தவிப்பு இந்த மண்ணின் வரலாறு முழுக்க ஓடுகிறது.

அந்தத் தவிப்பின் தொடக்க காலக் கதைகளுள் ஒன்று தோல்வியில் முடிந்தது. எட்டயபுரம் சமஸ்தானத்தில் பணியாற்றிய சின்னச்சாமி ஐயருக்குக் கணிதத்திலும் இயந்திரங்களிலும் தீராத நாட்டம். சுற்றிலும் பருத்தி விளைகிறது. அதை அரைத்துப் பஞ்சாக்கும் ஆலையை ஊரிலேயே வைத்தால் என்ன என்று யோசித்தார், வைத்தும் காட்டினார். ஆலை நொடித்தது, சொத்து கரைந்தது. 1898-ல் அவர் இறந்தபோது மகன் சுப்பிரமணிய பாரதிக்கு 15 வயது. அந்த வீழ்ச்சியின் வலியைப் பாரதி தன் சுயசரிதைப் பாடலில் எழுதியிருக்கிறார். அறிவுக்கோ துணிச்சலுக்கோ சின்னச்சாமி ஐயரிடம் குறைவில்லை. சரிவு வந்தபோது தாங்கிப் பிடிக்க அவருக்குப் பின்னால் ஒரு வங்கி இல்லை, ஒரு சங்கம் இல்லை, அந்நிய அரசின் ஆதரவும் இல்லை. தனி மனிதர் தன் கையிலிருந்ததை வைத்து ஆடிய ஆட்டம் அது.

அப்படித் தனியாக ஆடாதவர்களும் கரிசலில் இருந்தார்கள். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை என்று கரிசல் ஊர்களின் பேட்டைகளில் கடை வைத்த நாடார் வியாபாரிகளிடம் மகமை என்ற ஏற்பாடு இருந்தது. நடக்கும் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கு பொதுநிதிக்குப் போகும். அந்த நிதியிலிருந்து கோவில், கிணறு, பிறகு பள்ளிக்கூடம். விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீடு வீடாகப் பிடி அரிசி வசூலித்தார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பதிவானது. பின்னாளில் அதுவே தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. சாதி கட்டிய வேலிக்குள் நடந்த சேமிப்புதான் இது, அந்த வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கு இதன் பலன் வெகு தாமதமாகவே கிடைத்தது. ஆனாலும், வெளியூர்ப் பணத்தை எதிர்பார்க்காமல் உள்ளூர்ப் பணத்தை உள்ளூர்த் தொழிலுக்குத் திருப்பியது இந்த ஏற்பாடு.

தீப்பெட்டி வந்தது அதன் தொடர்ச்சியாக. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். ஊர் திரும்பி முதலில் இயந்திரத்தில் தொடங்கினார்கள், பிறகு கைவேலைக்கு மாறினார்கள். பயிருக்குப் பகையான வெயிலும் ஈரமில்லாத காற்றும் மருந்து முக்கிய குச்சியை உலர்த்த வரமாக அமைந்தன. மழை பொய்த்த வருடங்களில் வேலை தேடிய குடும்பங்கள் சுற்றிலும் இருந்தன. 1923-ல் ஸ்வீடன் நாட்டு முதலாளிகள் விம்கோ என்ற பெரிய நிறுவனத்தோடு இந்தியாவுக்குள் இறங்கியும் கரிசலின் கைத்தீப்பெட்டியை அழிக்க முடியவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரு தொழில் இன்னொரு தொழிலை இழுத்து வந்த விதம். தீப்பெட்டிக்கு வண்ண லேபிள் தேவைப்பட்டது. லேபிளை வெளியில் அச்சடித்து வாங்கிக் கட்டுப்படியாகாமல் சிவகாசிக்கு அச்சு இயந்திரம் வந்தது. லேபிள் அடித்த கை காலண்டர் அடித்தது, டைரி அடித்தது, பாடநூல் அடித்தது. மருந்து கலக்கத் தெரிந்த கை பட்டாசுக்குப் போனது. தொழிற்கொள்கை என்று யாரும் ஏட்டில் எழுதிக் கொடுக்காமலேயே மழையற்ற ஒரு ஊரில் மூன்று தொழில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வளர்ந்தன. கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், சாத்தூர் பக்கமெல்லாம் தீப்பெட்டி பரவியது. தொழிற்சாலை என்று இங்கே யாரும் சொல்வதில்லை. ‘தீப்பெட்டி ஆபீஸ்’தான்.

அந்த ஆபீஸ்களின் இன்னொரு முகத்தை மறைத்துவிட்டு வளர்ச்சிக் கதை சொல்வது நியாயமில்லை. பல பத்தாண்டுகள் விடியற்காலையில் கிராமங்களுக்கு வேன் அனுப்பிக் குழந்தைகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். சட்டத்தில் குச்சி அடுக்கவும், பெட்டி ஒட்டவும் சின்ன விரல்கள் தோதாக இருந்தன. கோவில்பட்டிக்காரரான பூமணி ‘கருவேலம்பூக்கள்’ படத்தில் அதைத் திரையில் காட்டினார். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்புக்குப் பிறகும், அரசின் சிறப்புப் பள்ளிகள் வந்த பிறகும்தான் நிலைமை மாறியது. அன்று பள்ளிக்குப் போகாத பிள்ளைகளின் திறமை இந்த மண்ணுக்கு எவ்வளவு நஷ்டம் என்பதற்கு எந்தக் கணக்கும் கிடையாது.

இப்போது ஆபீஸ்களில் பெரும்பாலும் பெண்கள். கிராமத்தை விட்டுப் போக முடியாத பெண்ணின் கைக்கு வாராவாரம் கூலி தரும் வேலை இது. ஆனால் அந்தக் கூலி எங்கிருந்து வர வேண்டும் என்று பாருங்கள். ஒரு தீப்பெட்டியின் சில்லறை விலை 1995-ல் 50 பைசா ஆனது; 2007-ல் ஒரு ரூபாய். அதற்குப் பிறகு 14 வருடம் நகரவே இல்லை. 2021 டிசம்பர் 1-ல்தான் இரண்டு ரூபாய். அந்த வருடம் மட்டும் சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810-க்கும், மெழுகு 58-லிருந்து 80-க்கும் ஏறியிருந்தது. சில்லறைக் காசோடு கட்டுண்ட பொருள் இது. ஐந்து காசு கூட்டினாலும் கடைக்காரர் மிச்சம் தர முடியாது. கூடவே மலிவு லைட்டர் போட்டி. 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு 2023 ஜூனில் தடை போட்டது. பாகங்களாக வந்து இறங்கத் தொடங்கவே, 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை வந்தது.

மலிவாக விற்பதையே பலமாகக் கொண்ட தொழில், படித்த ஒருவருக்குத் தரும் சம்பளமும் மலிவாகத்தான் இருக்கும். கரிசலின் சிக்கலுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. இங்கே திறமைக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் இந்த வட்டாரத்தைத் தெரியாதவராக இருப்பார். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல் என்ற ஒரே கிராமம் கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்ற இரண்டு சாகித்ய அகாடமி எழுத்தாளர்களைத் தந்தது. பிறகு இதே வட்டாரத்தில் அந்த விருதை 2014-ல் பூமணியும், 2019-ல் சோ. தர்மனும் பெற்றார்கள். ஹாக்கி கோவில்பட்டியில் தெருவிளையாட்டு. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோவில்பட்டி மையத்தில் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினார்கள்.

விலையை உயர்த்தி விற்க முடியும் என்று காட்டிய பொருளும் இங்கேயே இருக்கிறது. நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைத்து வைத்துக்கொள்கிறார்கள். வெல்லப்பாகு கொதிக்கிறது. ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு எடுத்துக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். வளைந்தால் பதம் போதாது, கசந்தால் பதம் தப்பியது. பதம் வந்த நொடியில் கடலையைக் கொட்டிக் கிளறி, சட்டத்துக்குள் பரப்பி, உருளையால் உருட்டி, சூடு ஆறுமுன் கோடு போட்டு வெட்டிவிட வேண்டும். அந்தப் பதத்தைக் கடிகாரம் சொல்லாது, கைதான் சொல்லும். 1940-களில் பொன்னம்பல நாடார் தன் பெட்டிக்கடையில் தொடங்கிய பண்டம் இது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த வட்டாரத்துக்கு வெளியே செய்து இந்தப் பெயரில் விற்க இனி உரிமை இல்லை. லேபிளில் ஊர்ப் பெயரே மூலதனம் ஆகிவிட்டது.

அறிவியலுக்கும் இங்கே அடித்தளம் பழையது. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-ல் தொடங்கியது. பருத்தி, சோளம், உளுந்து ரகங்களின் பெயரில் முன்னால் நிற்கும் ‘கே’ என்ற எழுத்து இந்த ஊரைக் குறிக்கிறது. மழைக்குக் காத்திராமல், கரைசலில் ஊறவைத்து நிழலில் உலர்த்திய விதையைப் புரட்டாசியிலேயே காய்ந்த மண்ணில் விதைத்துவிடும் முறையை இந்த நிலையம் பரப்பியது. முதல் மழையின் ஈரம் வீணாகாமல் முளை கிளம்பிவிடும். பக்கத்தில் கயத்தாற்றில் காற்றாலைகளைச் சோதிக்கும் தேசிய அளவிலான நிலையமும் உண்டு.

அடித்தளம் இருந்தும் படித்தவர்கள் வெளியேறும் இந்தக் கதைக்கு அமெரிக்காவிலும் ஒரு சாயல் தெரியும். அதே உள்நாட்டுப் போரின் நடுவில், 1862-ல், உழவும் இயந்திரக் கல்வியும் சொல்லித்தரும் கல்லூரிகளுக்கு மாநிலந்தோறும் நிலம் ஒதுக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். அயோவா, இந்தியானா போன்ற உள்நாட்டு மாநிலங்களில் பெரிய பல்கலைக்கழகங்கள் எழுந்தன. இருந்தும் படித்தவர்கள் கடற்கரை நகரங்களுக்குத்தான் போனார்கள். புதுத் தொழில்களுக்கான துணிகர முதலீட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு கலிஃபோர்னியா, நியூயார்க், மாசசூசெட்ஸ் என்ற மூன்று மாநிலங்களிலேயே சுழல்கிறது. போக்கை மாற்றிய ஊர்களும் உண்டு. எஃகு ஆலைகள் மூடிப்போன பிட்ஸ்பர்க்கில், அங்குள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஒருவரும் அவருடைய மாணவரும் 2011-ல் டூயோலிங்கோவைத் தொடங்கினார்கள். நிறுவனம் வளர்ந்த பிறகும் அந்த ஊரை விட்டுப் போகவில்லை.

அதே 2011-ல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் சோஹோ அலுவலகம் திறந்தது. கிராமத்தில் உட்கார்ந்து உலகச் சந்தைக்கு மென்பொருள் எழுத முடியும் என்பதற்கு அதைவிடப் பக்கத்தில் சான்று தேட வேண்டியதில்லை. கோவில்பட்டியில் 1984-லிருந்து நேஷனல் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதன் வாசலிலிருந்து சிறிது தூரத்தில் தீப்பெட்டி ஆபீஸ்கள். குச்சி அடுக்கும் இயந்திரம், மருந்துத் தூசியை உறிஞ்சும் கருவி, கடலைமிட்டாய் நமுத்துப் போகாத உறை, காற்றாலைப் பழுதை முன்கூட்டிச் சொல்லும் மென்பொருள் என்று தீர்வுக்குக் காத்திருக்கும் கணக்குகள் கல்லூரியைச் சுற்றியே கிடக்கின்றன. இறுதியாண்டு மாணவர் செய்யும் புராஜெக்ட் இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். அதை வாங்க உள்ளூர் முதலாளிகளின் சங்கம் முன்பணம் போடட்டும். பள்ளிக்கூடத்துக்கு மகமை எடுத்த ஊர்களுக்கு இது புதிய பழக்கம் இல்லை. இந்த முறை வேலி இல்லாத மகமையாக அது இருக்க வேண்டும்.

அவசரமான காரியம் ஒன்று இருக்கிறது. சாத்தூருக்கும் விருதுநகருக்கும் இடையே இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கு 2023 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நூற்பும் தையலும் மட்டும் அங்கே வந்தால், குறைந்த கூலிக்கு ஆள் தரும் வட்டாரமாகவே கரிசல் நீடிக்கும். துணியின் வடிவமைப்பு, சாயத்தின் ரசாயனம், இயந்திரப் பராமரிப்பு, தரச் சோதனை ஆகிய வேலைகளில் எத்தனை இந்தப் பூங்காவுக்குள் இருக்கும், கரிசல் கல்லூரிகளிலிருந்து எத்தனை பேர் அதில் சேர்வார்கள் என்பதை நிலம் ஒதுக்கும் கட்டத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தூத்துக்குடி, விருதுநகர் ஆகிய இரண்டு மாவட்டங்களின் சட்டமன்ற உறுப்பினர்களும், தீப்பெட்டி, கடலைமிட்டாய், ஆலை உரிமையாளர் சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து கேட்க வேண்டிய கேள்வி அது.