வெள்ளவத்தை மணலில் அத்திவாரம்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் காணியைத் தோண்டினால், பல இடங்களில் முதலில் வருவது மணல். இன்னும் கொஞ்சம் போனால் தண்ணீர். அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. இறுகிய மணல் நல்ல பாரம் தாங்கும். களிமண்ணைப் போல வருடக்கணக்கில் அமிழ்ந்துகொண்டிருக்காது.

தளர்ந்த மணல்தான் ஆபத்து. மணிகளுக்கிடையே வெற்றிடம் அதிகம். கட்டடத்தின் பாரமோ பக்கத்துக் காணி இயந்திரத்தின் அதிர்வோ சேரும்போது மணிகள் நெருங்கி நிலம் இறங்கும். எங்கும் ஒரே அளவில் இறங்கினால் பெரிய சேதமில்லை. ஒரு மூலை கூடவும் மறு மூலை குறையவும் இறங்கும்போதுதான் சுவர் வெடிக்கிறது.

மணல் இறுகியதா தளர்ந்ததா என்பதை மேலே நின்று பார்த்துச் சொல்லிவிட முடியாது. துளையிட்டு எஸ்.பி.டி. சோதனை செய்ய வேண்டும். 63.5 கிலோ சுத்தியலை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, ஒரு குழாயை மண்ணுக்குள் 45 சென்ரிமீற்றர் இறக்குவார்கள். கடைசி 30 சென்ரிமீற்றருக்கு விழுந்த அடிகளின் எண்ணிக்கைதான் ‘என்’ பெறுமானம். மணலில் அது 10க்குக் கீழ் என்றால் தளர்வு, 4க்குக் கீழ் மிகத் தளர்வு, 30க்கு மேல் இறுக்கம். வீட்டு வரைபடம் கீற முன்பே இந்த அறிக்கை கையில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் அறிக்கையை நம்பி இறங்காதீர்கள். வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கமாகப் போகப் போக, மணலுக்குக் கீழே உக்கிய தாவர மண் ஒளிந்திருக்கலாம். அதை எந்த அதிர்வாலும் இறுக்க முடியாது.

ஒன்றிரண்டு மாடி வீட்டுக்கு வழி எளிது. நீர்மட்டம் இடம் கொடுத்தால் மேல் மணலை ஒரு மீற்றரளவு அகழ்ந்து, 20 முதல் 30 சென்ரிமீற்றர் படைகளாகத் திரும்பப் போட்டு, நனைத்து, ஒவ்வொரு படையையும் அதிர்வுத் தட்டு இயந்திரத்தால் இறுக்க வேண்டும். ஒரேயடியாக நிரப்பி மேலே மட்டும் இடித்தால் அடியில் பழைய தளர்வு அப்படியே கிடக்கும். இந்த இடத்தில் அவசரப்படும் மேசனைத் தயங்காமல் நிறுத்துங்கள்.

ஆழமான மணலுக்கு வேறு முறை உண்டு. கடலை நிரப்பி 269 ஹெக்டேயரில் உருவாக்கிய கொழும்புத் துறைமுக நகரத்தில், கிரேனில் தொங்கும் நீண்ட அதிர்வுக் கருவியை மணலுக்குள் இறக்கி, மெல்ல மெல்ல உயர்த்தி இறுக்கினார்கள். சேறும் களியும் குறைந்த மணலுக்கு அது அருமையான முறை. ஆனால் அங்கே அயல் வீடுகள் இல்லை. மதிலோடு மதில் ஒட்டிய வெள்ளவத்தையில் அதே அதிர்வு பக்கத்து வீட்டின் அடிமண்ணையும் இறக்கிவிடும். அதனால் தொடர்மாடிகளுக்குத் துளையிட்டு வார்க்கும் கொங்கிரீட் பைல்களே பொருந்தும். தளர்ந்த மணலைத் தாண்டிப் பாறையில் அவை பாரத்தை இறக்கும். துளை இடியாமலிருக்க இரும்பு உறையும் பென்ரனைற் களிக் கலவையும் வேண்டும்.

நிலக்கீழ்த் தளத்துக்காகத் தண்ணீரை இறைப்பதும் அயலவர் நிலத்தை அமிழ்த்தலாம். வேலை தொடங்க முன், பக்கத்து வீடுகளிலுள்ள வெடிப்புகளைத் திகதியோடு படமெடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.