பாசறைக்குச் செல்லும் சிறுவனும் பகல் நுளம்பும்

ஓகஸ்ட் விடுமுறை நெருங்கியதும், சாரணர் பாசறைக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகளிற் பயணப்பை நிறையத் தொடங்குகிறது. அதனுள் ஒரு நுளம்பு வலையை வைத்துவிட்டால் தம் கடமை முடிந்தது எனப் பெற்றோர் பலர் கருதுவர். அக்கருத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1934, 35ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டு சென்றது. அதனைப் பரப்பிய அனோபிலிஸ் நுளம்பு இரவிற் கடிப்பது. ஆகவே நுளம்பென்றால் இரவு, இரவென்றால் வலை என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் ஊறிவிட்டது.

2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்று வழங்கியது. அதற்கு மறு ஆண்டிலோ டெங்கு நோயாளர் தொகை 1,86,000ஐத் தாண்டிற்று. மாண்டோர் 400 பேருக்கு மேல். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு பகலிற் கடிப்பது. காலையிலும், மாலை பொழுது சாயுமுன்னும் அதன் வேகம் மிகுதி. சிறுவர்கள் விறகு பொறுக்குவதும் விளையாடுவதும் அந்நேரங்களிலேதான். ஈடிஸ் வகையில் ஓரினம் மரஞ்செடி அடர்ந்த இடத்தையே நாடுவது. பாசறைக்குத் தெரிவதும் பெரும்பாலும் அத்தகைய இடமே.

எனவே முதலில் தேடவேண்டியது உடை. முழுக்கைச் சட்டை, நீண்ட காற்சட்டை, காலுறை ஆகியன வெளிர்நிறத்தவாயும் தளர்ந்தனவாயும் இருத்தல் வேண்டும். உடலோடு ஒட்டிய மெல்லிய துணியூடாக நுளம்பு எளிதிற் கடித்துவிடும்.

உடை மறைக்காத இடத்துக்குப் பூசுமருந்து. போத்தலின் வாசனையைப் பார்த்து வாங்குவதிற் பயனில்லை; அதன்மீது எழுதியிருப்பதைப் படித்தே வாங்கவேண்டும். டீட் என்னும் மருந்து நூற்றுக்குப் பத்து வீதமாயின் ஏறக்குறைய இரண்டு மணி நேரமும், முப்பது வீதமாயின் ஐந்து மணி நேரமும் காக்கும். பிள்ளைகளுக்கு முப்பதுக்கு மேல் வேண்டாம். சட்டைக்கு உட்புறத்திலும், வாயிலும் கண்ணிலும் படக்கூடிய உள்ளங்கையிலும் அதனைப் பூசலாகாது. வெயிற்களிம்பும் பூசுவதாயின் அது முதலில், நுளம்பு மருந்து பின்னர்.

இவ்வளவு கூறியதால் வலை வேண்டாமென்பதன்று. இரவிற் கடிக்கும் நுளம்புகள் இன்றும் உள்ளன. பகலில் அயர்ந்து உறங்கும் பிள்ளைக்கும் வலை காவலே. சதுர அங்குலத்துக்கு 156 கண்களேனும் உள்ள வலை நன்று. பாய்க்கடியிற் செருகுமளவு நீளம் வேண்டும்; கைகால் வலையிற் படாத அகலமும் வேண்டும், பட்ட இடத்தில் வெளியே நின்றே நுளம்பு கடிக்கும். புறப்படுமுன் வீட்டிலே ஓரிரவு பிள்ளையே அதனைக் கட்டிப் பழகட்டும். மூடிய கூடாரத்துள் நுளம்புச் சுருள் கொளுத்துவது மூச்சுக்கும் கேடு, தீக்கும் வாய்ப்பு. ஒலியெழுப்பி நுளம்பை விரட்டுமெனப்படும் கருவிகளுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

திரும்பி வந்த இரு வாரத்துள் காய்ச்சல் கண்டால், பாசறை நடந்த இடத்தையும் நாளையும் வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். அதுவரை பரசிற்றமோல் தவிர அஸ்பிரினோ இபுபுரோபனோ கொடுத்தலாகாது. அவை குருதிக்கசிவை மிகுவிக்கும். டெங்கில் ஆபத்து மிகுவது காய்ச்சல் தணியும் வேளையிலாதலால், உடல் குளிர்ந்ததென்று கண்டு பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிடுதலும் ஆகாது.