இளைத்த பிறகும் ஒரு கவலை: தொங்கும் தோலும் வயிற்று வரிகளும்

காலை ஐந்தரை மணிக்கு ரவீந்திர சரோவர் ஏரிக்கரைக்குப் போனால், லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ பக்கத்துத் தமிழ் முகங்கள் பலவற்றைக் காணலாம். அங்கேதான் அந்த நண்பரைச் சந்தித்தேன். டல்ஹௌசி பக்கம் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. 102 கிலோ இருந்தவர், ஒன்றரை வருஷத்தில் 74 கிலோவுக்கு வந்துவிட்டார். சந்தேஷையும் ரசகுல்லாவையும் தியாகம் செய்து, மழையிலும் நடந்து சம்பாதித்த இளைப்பு!

"பாராட்டணும் சார் உங்களை" என்றேன். அவர் முகம் மலரவில்லை.

"என்ன பிரயோஜனம் சார்? வயிறு காத்துப் போன பலூன் மாதிரி தொங்கறது. தை மாசம் பெண்ணுக்குக் கல்யாணம். மணையில சட்டையைக் கழற்றிட்டு எப்படி உட்காருவேன்னு இப்பவே கவலை."

இந்தக் கவலை அவருக்கு மட்டும் உரியதல்ல. பிரசவத்துக்குப் பின் வயிற்றில் வரி விழுந்த பெண்களும், நோயில் படுத்து இளைத்தவர்களும் இதே கவலையைச் சுமக்கிறார்கள். 2025-ல் 'மௌஞ்சாரோ', 'வெகோவி' ஆகிய எடை குறைப்பு ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. டாக்டர் மேற்பார்வையில் ஊசி போட்டு நிறைய இளைப்பவர்களுக்கும் இதே பிரச்னை வரலாம்.

தோலுக்கு என்ன ஆகிறது?

தோலின் உள்ளடுக்கில் 'கொலாஜன்', 'எலாஸ்டின்' என்ற இரண்டு வகை நார்கள் இருக்கின்றன. முன்னது தோலுக்கு உறுதி தருகிறது. பின்னது, இழுத்த தோலைப் பழைய நிலைக்குத் திருப்புகிறது. பழைய பனியனின் கழுத்துப்பட்டி நெகிழ்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். பல வருஷம் கொழுப்பைத் தாங்கி விரிந்த தோலும் அப்படித்தான். கொழுப்பு போனாலும் அது முழுக்கச் சுருங்குவதில்லை.

வரிகள் வேறு விஷயம். தோல் வேகமாக விரியும்போது உள்ளடுக்கு கிழிந்து ஆறிய தழும்புகளே அவை. முதலில் சிவப்பாகவோ ஊதா நிறமாகவோ இருக்கும். மாதங்கள் செல்லச் செல்ல வெளுத்துவிடும். இளைத்ததால் வந்தவை அல்ல இவை. பருத்தபோது விழுந்தவை, இளைத்த பிறகு கண்ணில் படுகின்றன.

எவ்வளவு தோல் சுருங்கும் என்பது வயது, பருமனாக இருந்த காலம், குறைந்த எடை, வெயில், புகைப்பழக்கம் ஆகியவற்றைப் பொறுத்தது. இருபத்தைந்து வயதுக்காரருக்குச் சுருங்குவதுபோல் ஐம்பத்தைந்தில் சுருங்காது.

களிம்பில் காசு கரையும்

நண்பர் எண்ணெய்க்கும் களிம்புக்கும் ஆயிரக்கணக்கில் செலவிட்டிருக்கிறார். ஆலிவ் எண்ணெய், கோக்கோ வெண்ணெய் முதலிய பூச்சுகள் கர்ப்பிணிகளுக்கு வரி விழாமல் தடுக்கின்றனவா என்று நடந்த சோதனைகளை, 'காக்ரேன்' என்ற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழு 2012-ல் தொகுத்துப் பார்த்தது. தடுக்கும் என்பதற்குத் தக்க ஆதாரம் கிடைக்கவில்லை. எண்ணெய் தடவினால் வறட்சியும் அரிப்பும் குறையும். அந்த அளவுக்கு வீட்டிலுள்ள தேங்காய் எண்ணெயே போதும்.

புதிதாகச் சிவந்திருக்கும் வரிகளுக்கு 'டிரெடினாயின்' களிம்பு ஓரளவு பயன் தரலாம். டாக்டர் சீட்டோடுதான் வாங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. லேசர் சிகிச்சையும் வரிகளை மங்கச் செய்யுமே தவிர, அழிக்காது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் லேசர் பட்ட இடம் கறுத்துப்போகும் அபாயமும் உண்டு.

இந்தத் தவறைச் செய்யாதீர்கள்

கொல்கத்தாவின் புழுக்கத்தில், தொங்கும் தோலின் மடிப்பிலும் தொடை இடுக்கிலும் வியர்வை தங்கிப் படை வருவது சகஜம். நண்பருக்கும் வந்தது. மருந்துக் கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கித் தடவினார். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. மாதக்கணக்கில் தொடர்ந்தார். படை பரவியது. போதாததற்கு, தொடை இடுக்கில் அகலமான சிவப்பு வரிகள் புதிதாக விழுந்தன!

காரணம், அந்தக் களிம்பில் இருந்த ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கிக்கொண்டே அது தோலை மெலியச் செய்து, வரி விழ வைக்கிறது. அந்த வரிகள் நிரந்தரம். இந்த முறைகேட்டை எதிர்த்து, கொல்கத்தாவின் டாக்டர் கௌசிக் லாஹிரி உள்ளிட்ட தோல் நிபுணர்கள் பல வருஷங்கள் குரல் கொடுத்தார்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இன்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. படைக்கு மருந்து வேண்டுமானால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். மடிப்புகளைக் கழுவி, ஈரம் போக ஒற்றித் துடைத்து, பருத்தி உள்ளாடை அணியுங்கள்.

செய்யத்தக்கவை

எடையை வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோவுக்குள் குறைப்பது நல்லது. நடையோடு, தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும். தோலுக்கு அடியில் தசை திரண்டால் தொய்வு ஓரளவு மறையும். புரதம் அவசியம். கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தந்த கணக்கு. 70 கிலோ உள்ளவருக்கு ஏறக்குறைய 58 கிராம். பருப்பு, கடலை, தயிர், முட்டை, சாப்பிடுபவர்களுக்கு வங்காளத்து மீன் என்று பங்கிட்டுக் கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பின் பொறுமைதான் மருந்து. ஒன்றிரண்டு வருஷங்கள் வரை தோல் மெல்லச் சுருங்கக் கூடும்.

கத்தி வைப்பதா?

மிஞ்சிய தோலை நிச்சயமாக நீக்க அறுவை சிகிச்சை ஒன்றே வழி. தொங்கும் வயிற்றை அறுத்து நீக்கியதை 1899-லேயே அமெரிக்க டாக்டர் ஹோவர்ட் கெல்லி எழுதி வெளியிட்டார். இன்று கொல்கத்தாவில் தனியார் மருத்துவமனைகளில் மட்டுமல்ல, பி.ஜி. ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையிலும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. எடை ஆறு மாதமாவது ஒரே அளவில் நின்ற பிறகே டாக்டர்கள் யோசிப்பார்கள். புகைப்பதை நிறுத்தச் சொல்வார்கள். இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நீண்ட தழும்பு இருக்கும். ரத்தம் கட்டுதல், சீழ் பிடித்தல் ஆகிய ஆபத்துகளும் உண்டு.

அழகுக்காகச் செய்தால் மருத்துவ இன்ஷூரன்ஸில் பணம் கிடைக்காது. மடிப்பில் ஓயாமல் புண் வருகிறது என்றால், டாக்டரின் சான்றோடு முன்கூட்டியே கம்பெனியைக் கேட்டுப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. முயற்சி இல்லாமலே இளைத்தால் நீரிழிவு, காசநோய் போன்றவை காரணமாக இருக்கலாம். உடல் பருத்து, அகன்ற ஊதா வரிகள் தானாக விழுந்தால் ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். இரண்டுக்கும் டாக்டரிடம் போவதில் தாமதம் கூடாது.

இதையெல்லாம் டாக்டரிடம் கேட்டறிந்து வந்த நண்பரை மறுபடியும் ஏரிக்கரையில் பார்த்தேன்.

"பிரஷர் குறைஞ்சிருக்கு. முழங்கால் வலி இல்லை. மூணு மாடி ஏறினா மூச்சு வாங்கலே. இதெல்லாம் கிடைச்சதுக்கு இந்தத் தோல்தான் ரசீதுன்னு வச்சுண்டேன்" என்றார்.

"கல்யாணத்துக்கு?"

"அங்கவஸ்திரம் போட்டுண்டு உட்காரப் போறேன். நழுவினா நழுவட்டும் சார்!"